கைத்தட்டல் குடியிருந்த எம் பிளாக்

உப்பந்தோட்டம் ஹவுசிங் போர்டு எம் பிளாக்கின் மூன்றாவது மாடிக்குக் கைத்தட்டல் குடிவந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். தண்ணி லாரிக்காக மொத்த பிளாக்கும் குடத்தோடு கீழே நின்றுகொண்டிருந்ததால் சாட்சிக்குப் பஞ்சமில்லை. முந்தின நாள் கோயம்புத்தூரில் கச்சேரியை முடித்துக்கொண்டு, கண்ணில் தீட்டிய மையைக்கூடக் கழுவாமல் ரேடியோ ரோசி காரிலிருந்து இறங்கினாள். அவள் பின்னாலேயே, வரச் சொல்லாமல் வந்த சொந்தக்காரனைப்போல, கைத்தட்டலும் இறங்கியது. ஆள் இல்லை, கை இல்லை, தட்டல் மட்டும் இருந்தது, மைதானம் நிறைய ஜனம் தட்டுகிற அதே தட்டல், அவள் படியேற ஏற அதுவும் படியேறி, முதல் மாடி தாண்டி, இரண்டாவது மாடி தாண்டி, அக்கா சலோமி கதவைத் திறந்ததும் அவளையும் தாண்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அதற்குள் லாரி வந்துவிட்டது. லாரி வந்த பிறகு வேறு எதைப்பற்றியும் யோசிக்கிற வழக்கம் உப்பந்தோட்டத்தில் கிடையாது.

சலோமி, அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள்; கட்டினவன் சரியில்லை என்று திரும்பி வந்து, ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள்; கூழைக்கும்பிடு போடத் தெரியாதவள். தங்கை ரோசி வாய் ஓயாத பிள்ளை. ஒருமுறை லாரி வராத கோபத்தில் காலிக்குடத்தைத் தட்டிக்கொண்டு, 'தண்ணி லாரி மாமா, தள்ளி நிக்கலாமா' என்று அவள் தெருவில் நின்று கத்திப் பாடியதை எவனோ போனில் பிடித்துப் போட, அது பரவி, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை மாலையோடு எழுந்து ஆடுகிற பாட்டாகி, பள்ளிக்கூட ஆண்டு விழாவில், அரசியல் கூட்டத்தில் தலைவர் வருவதற்கு முன்னால், துபாயில், சிங்கப்பூரில் என்று எங்கே திரும்பினாலும் அதுவேயாகி, அவளை ரேடியோ ரோசியாக்கிவிட்டது. கிஷோர் என்று ஒரு மேனேஜர் வந்தான். கடற்கரைச் சாலையில் கண்ணாடி வைத்த வீடு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அங்கே தூக்கம் வரவில்லை என்று ரோசி அக்காவிடமே வந்துவிட்டாள். இங்கேயும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சலோமி மட்டும் கவனித்தாள்.

கைத்தட்டலுக்கென்று ஒரு குணம் இருந்தது. ரோசி எழுந்தால் தட்டியது, பல் தேய்த்தால் தட்டியது, தோசையைப் பிய்த்து வாயில் வைத்தால் பெரிய சாதனையைப் பார்த்துவிட்டதுபோல் தட்டியது, அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் தூறலாக நின்று பார்த்ததே தவிர ஒரேயடியாக ஓய்ந்ததில்லை. கீழ் வீட்டில் கேட்டது, எதிர் பிளாக்கில் கேட்டது, தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. டி.வி.க்காரர்கள் ஓடிவந்து மைக்கை நீட்டினார்கள். மைக்கில் மின்விசிறிச் சத்தம்தான் ஏறியது. போனிலும் பதியவில்லை. சத்தம் அளக்கிற அதிகாரி ஒருவர் பெட்டியோடு வந்து, முள் அசையாததைப் பார்த்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் 'சத்தம் ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நேரில் வந்தால்தான் கேட்கும் என்று ஆனதும் ஜனம் நேரில் வர ஆரம்பித்தது.

வந்தவனுக்குப் பசிக்கும் அல்லவா? பிளாக் வாசலில் பிரியாணி அண்டா இறங்கியது. புரோக்கர்கள் 'ரெண்டு ரூம், மேல தண்ணி ஏறும், கைத்தட்டல் கேக்கும்' என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் ரேங்க் கார்டை எம் பிளாக் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டின, அங்கே திட்டினால் திட்டியது போலவே இருக்காது. மில்லில் காலமெல்லாம் உழைத்து ஒரு நல்ல வார்த்தை கேட்காத ரிட்டையர் ஆன மனுஷர் ஒருவர் தினமும் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக, அவ்வளவு மெதுவாக, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது முகம் பளபளத்தது. மாமியார் மருமகள் சண்டையை மட்டும் ஜே பிளாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள், இங்கே போட்டால் யார் ஜெயித்தது என்று தெரியவில்லை. வார்டு தேர்தலுக்கு நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியில் ஏறி நின்று பேசிவிட்டு, தனக்குத்தான் அதிகமாகத் தட்டியது என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்ட ஜனம், பிறகு பஞ்சை எடுத்துவிட்டு உரக்கப் பேசக் கற்றுக்கொண்ட ஜனம், கடைசியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் 'இன்னாபா இது, சாவு வூடு மாறி கீது' என்று அன்றைக்கே திரும்பி வருகிற ஜனமாக ஆகிவிட்டது.

குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவர் தேசிங்கு. ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனுஷர், நாலு பேர் கூடினால் அங்கே ஒரு நாற்காலி தனக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு குறைதான் அவரிடம் உண்டு. அவர் பிளாக் வாசலில் ரோசியின் படத்தைப் போட்டுப் பேனர் கட்டினார். ஓரத்தில் தன் படத்தையும் சின்னதாகப் போட்டுக்கொண்டார்.

ரோசிக்கு முதலில் அது நன்றாகவே இருந்தது, அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. தூங்காமல் பாட்டுக் கட்டினாள், காகிதம் தீர்ந்ததும் சுவரில் கண்மையால் எழுதினாள், ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்றைத் தொடங்கினாள், அதை விட்டு மூன்றாவதற்குத் தாவினாள், நடந்துகொண்டே சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே போன் பேசினாள், ரயிலை வாடகைக்கு எடுத்து ஊர் ஊராக ஓடும் ரயிலிலேயே கச்சேரி செய்யலாம் என்று கிஷோரிடம் சொல்ல, அவனும் விசாரிக்கிறேன் என்றான். பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தாள். கிரைண்டர் இருந்த வீட்டுக்கும் கொடுத்தாள். வைக்க இடமில்லாத வீட்டுக்காரர்கள் அதைப் படிக்கட்டில் வைத்துக்கொண்டார்கள், ஆகையால் எம் பிளாக்கில் எல்லோரும் அதன்பிறகு ஒருக்களித்துத்தான் படியேறினார்கள். தங்க மனசு என்றது தெரு. சலோமி தங்கையின் கண்ணைப் பார்த்தாள். அதில் எதுவும் நிற்கவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் படுடி ரோசி."

"படுத்தா தட்டுறது கொறஞ்சிடும்க்கா."

"கொறையட்டும். நிக்கட்டும். இன்னா இப்ப?"

"நின்னுச்சின்னா நான் யாரு?" என்றாள் ரோசி, சிரித்துக்கொண்டே. அதற்கு ஒரு பெரிய கைத்தட்டல் எழுந்தது.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ரோசி சுவரைப் பார்த்துப் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ரேடியோவை யாரோ திருகி அணைத்துவிட்டதுபோல அவளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. குளிக்கவில்லை, தலைமுடி சிக்குப் பிடித்தது, சோற்றைப் பிசைந்து சலோமி வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறக்க மறந்தவளாகப் பார்த்தாள். கச்சேரிகளைத் தள்ளிவைத்து, ரோசிக்கு டெங்கு என்று கிஷோர் அறிக்கை விட்டான். இதில் கொடுமை என்னவென்றால், கைத்தட்டல் மட்டும் அடங்கவில்லை. அவள் விரலை அசைத்தால் தட்டியது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தட்டியது. அவள் அழுதாள், அழுதபோது முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு, ஒன்ஸ்மோர் கேட்கிற மாதிரி தட்டியது.

"எதுக்குக்கா தட்டறாங்க?" என்று அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "திரும்பிப் படுத்தேன். வேற ஒண்ணும் பண்ணலியே நான்."

சலோமி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து ஓங்கினாள். யாரை அடிப்பது? காற்றை நாலு வீசு வீசிவிட்டு, துடைப்பத்தைப் போட்டுவிட்டு, தங்கையின் முதுகோரம் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுகைக்கு யாரும் தட்டவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. மறுநாள் தேசிங்கைப் போய்ப் பார்த்தாள்.

"அண்ணா, இது வியாதி. பெரியாஸ்பத்திரிக்கு இட்னு போவலாம்னு கீறேன். ஆட்டோ எடுத்துனு வாங்க."

தேசிங்கு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவளுக்கு மட்டும் கேட்டா வியாதி, சலோமி. ஊருக்கே கேக்குதே, அத்த எப்பிடிம்மா வியாதின்னுவ? அப்ப நாங்க அத்தினி பேரும் பைத்தியமா?"

வேறொருத்தியாக இருந்தால், காதில் ஏதோ கேட்கிறது என்று சொன்ன முதல் நாளே இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். ரோசிக்குக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது, அதனாலேயே அவள் படுகிற பாடு யாருக்கும் கேட்கவில்லை. தெரு முழுக்கத் தேசிங்கு சொன்னதையே சொன்னது. ஜெபக்கூட்டத்துக்காரர்கள் வந்து இது பரலோகத்துக் கரகோஷம் என்றார்கள். அம்மன் கோயில்காரர்கள் வந்து, மேரியாக இருந்தால் என்ன, மாரியாக இருந்தால் என்ன, இறங்கின அருளை மாத்திரை போட்டு விரட்டாதே என்றார்கள். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, தானா எந்திரிப்பா பாரு" என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். கிஷோர் தன் பங்குக்கு, "அக்கா, மனநல ஆஸ்பத்திரி வாசல்ல ரோசி நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ வந்தா போதும், அவ்வளவுதான், கதை முடிஞ்சது" என்றான். யாருடைய கதை என்று சலோமி கேட்டாள். அவன் போனைப் பார்க்கத் தொடங்கினான்.

அவள் தனியாகவே பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சலோமி ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, தன்னைத்தான் முதலில் சேர்த்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், "எங்களுக்கும் கேக்குது டாக்டரு, ஊருக்கே கேக்குது, பொய் சொல்லல" என்றாள்.

"சரி, கேக்கட்டும்," என்றாள் டாக்டரம்மா. "தூங்குறாங்களா?"

"இல்ல."

"சாப்பாடு?"

"நான் ஊட்டுனா ரெண்டு வாய்."

"செத்துப்போறதப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

சலோமி தரையைப் பார்த்தாள். "முந்தாநேத்து கேட்டா. நான் செத்துப்போனா தட்டுவாங்களா, நிறுத்துவாங்களான்னு."

டாக்டரம்மா கர்ச்சீப்பை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தச் சத்தத்தை அப்புறம் பாத்துக்கலாம்மா. அது யாருக்குக் கேட்டா என்ன? அவங்களை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளாதீங்க. தனியா விடாதீங்க."

சலோமி அப்படியே செய்வதாகத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்தால், வீட்டு வாசலில் தேசிங்கு நின்றுகொண்டிருந்தார், கூட அவர் மனைவி, சங்கத்து ஆட்கள், தட்டில் வெற்றிலை பாக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம், எம் பிளாக் வாசலில் பந்தல்.

"மாப்ள வூட்டுக்காரங்க அண்ணா நகரும்மா. ஹவுசிங் போர்டான்னு மூஞ்சிய சுளிச்சவங்க, கைத்தட்டல் கேக்குற எடம்னு சொன்ன பெறகுதான் எறங்கி வந்தாங்க. ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் நானே என் ஆட்டோல ஏத்தினு போறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க. ஒங்கப்பன் செத்தப்ப கூட நின்னவன் கேக்குறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்பா செத்தபோது சவப்பெட்டி வாங்கியதிலிருந்து குழியில் மண் தள்ளியது வரை அவர்தான். உப்பைத் தின்ற நாக்கு சலோமியுடையது. அது மறுத்துப் பேச எழவில்லை. தனியாக விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று தலையாட்டிவிட்டாள். மணப்பெண்ணுக்கு ஜாக்கெட்டும் அவளே தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பந்தலில் அண்ணா நகர்க்காரர்கள் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணை அழைத்துவர வேண்டிய நேரத்தில் ஜாக்கெட் கொக்கி ஒன்று தெறித்துவிட்டது, ஊசி நூலோடு வரச்சொல்லி ஆள் மேல் ஆள் வந்தார்கள். ரோசி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சலோமி எதிர் வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். எதிர் வீட்டுக்காரி நல்லவள்தான். ஆனால் கீழே மைக் செட்டில் பாட்டுப் போட்டார்கள், அவள் எட்டிப் பார்க்க வராந்தாவுக்குப் போனாள், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

பந்தல் ஓரத் தடுப்புக்குப் பின்னால் கொக்கியைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபோது கைத்தட்டல் ஏறியது. பந்தலில் எல்லோர் முகமும் மலர்ந்தது. தட்டோடு வந்த பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள். அது இன்னும் ஏறியது, ஏறிக்கொண்டே போயிற்று, பந்தல் துணி நடுங்குகிற அளவுக்கு ஏறியது. "இன்னைக்கு இன்னா போடு போடுது பாத்தீங்களா சம்பந்தி," என்று தேசிங்கு மாப்பிள்ளையின் அப்பா காதில் கத்தினார். சலோமி மணப்பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் எதுவும் செய்யவில்லை, உட்கார்ந்து கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது என்றைக்கும் வேறு யாருக்கும் தட்டியதில்லை, ரோசி ஒருத்திக்குத்தான் தட்டியது, மற்றவர்கள் அதன் கீழே போய் நின்றுகொண்டார்கள் என்பது சலோமிக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அப்படியானால் இப்போது இவ்வளவு தட்டும்படியாக மேலே அவள் என்ன செய்கிறாள்?

சலோமி பந்தலை விட்டு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ரோசி நைட்டியோடு நின்றிருந்தாள்.

சலோமி ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து வந்தார்கள், அண்ணாந்தார்கள். இங்கேதான் அந்த ஜனம் செய்த தப்பு நடந்தது. பிரியாணிக்கடைக்காரனும், மில் மனுஷரும், ரேங்க் கார்டுப் பிள்ளைகளும், சங்கத்துக்காரர்களும் மாடியில் ரோசி நிற்பதைப் பார்த்தார்கள், கைத்தட்டல் இடியாக விழுவதைக் கேட்டார்கள், கல்யாணப் பெண்ணுக்காகப் பாட எழுந்து வந்துவிட்டாள் என்று நினைத்து, முகமெல்லாம் பல்லாக, அவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அவள் ஒரு காலை முன்னால் நகர்த்தினாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

சலோமி கத்திய கத்தல் அவள் காதிலேயே விழவில்லை. கத்துவதை விட்டுவிட்டு ஓடினாள், கிரைண்டர்களில் இடித்துக்கொண்டு, முழங்கால் தோல் உரிந்து, மூன்று மாடியும் ஏறி மொட்டை மாடிக் கதவைத் தள்ளினாள். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் தங்கையின் முதுகு தெரிந்தது. கிட்டே ஓடினால் பயந்துவிடுவாளோ என்று அடிமேல் அடி வைத்து நகர்ந்தாள்.

ரோசி திரும்பிப் பார்க்காமலே பேசினாள். அந்தச் சத்தத்திலும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "இன்னும் ஒரு அடிதான்க்கா கேக்கறாங்க. இத்தினி சந்தோஷமா எனக்கு எப்பவும் தட்டுனதில்ல. அது மட்டும் குடுத்துட்டா விட்டுருவாங்க."

கீழே முதலில் புரிந்தது தேசிங்குக்கு. சலோமி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர், மறுபடி மாடியைப் பார்த்தார், தட்டிக்கொண்டிருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். நிறுத்துங்க என்று சொன்னால் யாருக்குக் கேட்கும்? பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த சம்பந்தியின் இரண்டு கைகளையும் தாவிப் பிடித்தார். சம்பந்தி அதைப் பாசம் என்று நினைத்துச் சிரித்தார், பிறகு தேசிங்கின் கண்ணைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் நின்றவனின் கைகளைப் பிடித்தார். அவன் தன் பெண்டாட்டியின் கைகளைப் பிடித்தான். அவள் பிள்ளைகளின் கைகளைப் பிடித்தாள். பந்தலிலிருந்து பிளாக் வாசல் வரைக்கும், வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும், பேசாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிறுத்திக்கொண்டே போனார்கள்.

கைகள் நிற்க நிற்கச் சத்தம் இறங்கியது. இறங்கி, இறங்கி, கடைசியில் மேலே மிச்சம் இருந்தது ஒரு சின்ன ஹாலில் தட்டுகிற அளவுதான். மற்றதெல்லாம் அவர்களுடையது. எத்தனை நாளாக என்று தெரியாது, டீக்கு நிற்கும்போது, குழாயடியில் நிற்கும்போது, சும்மா இருந்த கைகள் தாமாகவே கூடச் சேர்ந்து தட்டப் பழகியிருந்தன, தட்டியவர்களுக்கே அது தெரியவில்லை.

ரோசி குழம்பிப்போய்க் கீழே பார்த்தாள். தெரு முழுக்க முகங்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. "ஏன்க்கா நிறுத்திட்டாங்க?" என்றாள். குரல் சின்னப் பிள்ளையுடையதாக இருந்தது. "நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?"

"ஆமாண்டி, தப்பு," என்றாள் சலோமி. "தப்பாத்தான் பண்ற. எறங்கு."

அப்படி ஒரு வார்த்தையை ரோசியிடம் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் யோசித்தாள். அந்த யோசனைக்குள் சலோமி போய் நைட்டியோடு சேர்த்து இடுப்பை வளைத்துப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் ஈரத் தளத்தில் விழுந்தார்கள். சலோமி தங்கையின் கன்னத்தில் ஒன்று வைத்தாள், பிறகு அதே கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், பிறகு இரண்டு பேரும் அழுதார்கள்.

தேசிங்கு பட்டு வேட்டியோடு ஆட்டோவை எடுத்தார். பொண்ணு நிச்சயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அப்பன் வழியெல்லாம் ஹாரன்கூட அடிக்கவில்லை. அந்தச் சின்னக் கைத்தட்டல் ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்து, ஆஸ்பத்திரிப் படியேறி, வார்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டில்காரி சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒனக்குத் தட்டுதா? குடுத்துவெச்சவ," என்றாள். "எனக்கு எந்நேரமும் திட்டுது." ரோசி அவளைப் பார்த்தாள், நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

மாத்திரைகள் உடனே கேட்கவில்லை. ஒன்றை மாற்றினார்கள், இன்னொன்றைக் கூட்டினார்கள், வாய் வறண்டது, கை நடுங்கியது, உடம்பு பெருத்தது, இதெல்லாம் வேண்டாம் என்று ரோசி மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்த நாட்களும் உண்டு. கைத்தட்டல் மெல்ல மெல்லக் கூட்டம் கலைகிற மாதிரி கலைந்தது. வீட்டுக்கு வந்தபோது எங்கோ ஒரே ஒரு ஆள், வேறு யோசனையில், விட்டுவிட்டுத் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு அவனும் எழுந்து போய்விட்டான். முற்றிலும் போய்விட்டான் என்று சொல்ல முடியாது. சில நாள் தூரத்தில் கேட்கும், கேட்டால் சலோமி தைப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போவாள்.

உப்பந்தோட்டத்துக்கு அது பெரிய நஷ்டம். வாடகை இறங்கியது, பிரியாணி அண்டா வேறு தெருவுக்குப் போயிற்று, மில் மனுஷர் தண்ணீர்க் குடத்தைக் கீழ் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார். வெறும் காதோடு இருக்கத் தெரியாமல் ஜனம் கொஞ்ச நாள் தவித்தது, டி.வி.யை உரக்க வைத்தது, காரணமில்லாமல் சண்டை போட்டது. வந்த சீதேவியை மாத்திரை கொடுத்துத் துரத்தினவள் என்று சலோமியை முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், சில பேர் முன்னாலேயே பேசினார்கள். உலைமூடியால் ஊர் வாயை மூட முடியுமா? அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கிஷோர் சேலத்தில் விசிலடித்துப் பாடுகிற பையன் ஒருவனைப் பிடித்துவிட்டதாகக் கேள்வி. தேசிங்கு மட்டும் ஒருநாள் சுத்தியலும் ஆணியுமாக வந்து, மொட்டை மாடிக் கதவுக்கு நல்ல பூட்டாகப் பொருத்தி, சாவியைச் சலோமி கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். மகள் கல்யாணம் நடந்தது. அண்ணா நகர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள்.

பாட்டைப்பற்றி அக்கா கேட்கவில்லை, தங்கை சொல்லவில்லை. இனி வருமா என்ற கேள்வி மட்டும் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நடமாடிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, ரோசி வராந்தாக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிளிப்பை மாட்டுவதற்குள் விரல் நடுங்கி அது கீழே விழும், எடுப்பாள், மறுபடி மாட்டுவாள். அப்படி ஒரு கிளிப்பைத் தேடிக் குனிந்தபோது அவள் வாயில் ஒரு பாட்டு வந்தது. லாரிப் பாட்டு இல்லை, யாரும் கேட்டிராத ஒன்று, அவளுக்கே அப்போதுதான் தெரிந்த ஒன்று. முதலில் முனகலாக வந்தது. பிறகு நிமிர்ந்தாள், பிறகு தொண்டையைத் திறந்தாள், குரல் மேலே போய், போன இடத்தில் பிசிறடித்து, உடைந்து நின்றது.

சலோமியின் கால் மெஷினில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. காக்கை கத்தியது, கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். ரோசி ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி, அந்த வெறும் காற்றுக்குள் காலை வைக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறவளைப்போல நின்றாள். சலோமிக்குக் கை துடித்தது. ஒரே ஒரு தட்டு தட்டினால் என்ன, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவள் தட்டினால் என்ன என்று கை தானாக எழுந்தது. எழுந்த கையை இழுத்து ஜாக்கெட் துணியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்போது இரண்டாவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் சீறிக்கொண்டு மேலே வந்தது. "யாருடி அவ, காலங்காத்தால தொண்ட கிழிய கத்தினுகீறது? இப்பதான் கொழந்தைய தூங்க வெச்சிட்டு வந்து குந்துனேன்."

ரோசி அப்படியே நின்றாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று சலோமி எழுந்தாள். ரோசி அழவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "நான்தான்க்கா, ரோசி," என்றாள்.

"ரோசின்னா இன்னா? மெதுவா பாடு."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு ரோசி அடுத்த துணியை உதறினாள், குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு உடைந்த இடத்திலிருந்து பாடினாள்.